மங்களமும் குப்பம்மாளும்

திருவனந்தபுரத்தில் குழந்தை பிறந்த இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்டி, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் பெயரை மூன்று முறை சொல்வார்கள். இங்கே மலையாளி வீட்டில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா மகளுக்கு இரண்டாவதும் பெண். அந்த நாள் நெருங்கியபோது நாகர்கோவிலிலிருந்து என் அம்மா ஒரு பெயர் சொல்லி அனுப்பினாள்: மங்களா. "தமிழ் எம்.ஏ. படிச்ச மாமாவாச்சே, அர்த்தம் நல்லதுதானே?" என்று மருமகள் என்னைக் கேட்டாள்.

அகராதிப்படி குறையே இல்லை. சுபம், நன்மை. சங்கடம் வேறிடத்தில். கச்சேரி மங்களத்தோடு முடியும். பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீடுகளில், இத்தோடு நிற்கட்டும் என்று கடைசிப் பெண்ணுக்கு மங்களம் என்றோ சம்பூர்ணம் என்றோ வைப்பதுண்டு. என் சித்தி ஒருத்தி ஐந்தாவது பெண். பெயர் மங்களம். இதையே நாசூக்கில்லாமல் சொன்னால் போதும்பொண்ணு. திருத்தணி அருகே நாராயணபுரத்தில் 'வேண்டாம்' என்றே வைத்திருக்கிறார்கள். அடுத்தது ஆணாகும் என்ற நம்பிக்கை. வகுப்பில் வாத்தியார் "வேண்டாம்" என்று கூப்பிட, அந்தப் பெண் எழுந்து "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் சதாராவில் 'நகுசா' - மராத்தியில் வேண்டாதவள் - என்ற பெயரைச் சுமந்த 285 பெண்களுக்கு 2011 அக்டோபரில் மாவட்ட நிர்வாகமே விழா எடுத்துப் பெயர் மாற்றியது.

குப்பம்மாள், பிச்சையம்மாள் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். முன் பிறந்தவை தங்காத வீட்டில், குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, அல்லது பிச்சையாக வாங்கியதாகப் பாவித்து வைத்த பெயர்கள் இவை. எமன் கண்ணில் படாமல் இதாவது பிழைக்கட்டும் என்ற தவிப்பு. மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்ட எனக்கு இந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் குப்பம்மாள் வேண்டாதவள், மங்களம் சீமாட்டி. குப்பம்மாளைப் பெற்றவள் அவளுக்காக ஏங்கிக் கிடந்தவள். சித்தி விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

மருமகளிடம் இதைச் சொல்லலாமா என்று ஒரு ராத்திரி யோசித்தேன். அம்மாவுக்குக் கள்ளம் கிடையாது. நாக்கில் வந்த பெயர் அது. இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவள் பாட்டியிடம் ஒன்றுதான் கேட்டாளாம்: "பெரியவளுக்குப் பேர் தேடினப்போ இது உனக்கு ஏன் பாட்டி தோணலை?"

அம்மா இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. என்னுடன் மூன்று நாள். பிறகு மருமகள் 'கயல்' என்று முடிவு செய்ததைச் சொன்னபோது, "மீனா? சரி, உங்க ஊர்க் காயலுக்கும் பொருத்தம்தான்" என்றாள். கயல் வேறு, காயல் வேறு என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நாள் காலை ரயிலில் வந்து இறங்கினாள். குழந்தையின் காதில் வெற்றிலையைப் பிடித்துக்கொண்டவள் அவள்தான்.