செஞ்சியில் ஏது சார் உறைபனி?

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். காரின் அடித்தகட்டைத் துளைப்பது எந்த மாதத்துப் பனி என்று மட்டும் நம் பாட்டிகள் சொல்லாமல் போய்விட்டார்கள். அந்தக் குறையை இப்போது கார் ஷோரூம்கள் தீர்த்து வைக்கின்றன.

செஞ்சிக்காரர் ஒருவர் திண்டிவனமோ விழுப்புரமோ போய் தன் முதல் காரை வாங்குகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். விலை பேசியாச்சு. கடன் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. டெலிவரிக்கு நல்ல நாள் பார்க்கிற நேரத்தில் இன்னொரு தாளை நீட்டுகிறார்கள். ‘அண்டர்பாடி ஆன்டி-ரஸ்ட் கோட்டிங்.’ “போட்டுக்கங்க சார், இல்லேன்னா நாலு வருஷத்துல அடியெல்லாம் துரு ஏறிடும்.” லட்சக்கணக்கில் கொடுத்தவர் சில ஆயிரத்துக்கா முகம் சுளிப்பார்? தலையாட்டி விடுகிறார்.

இந்தப் பயம் பிறந்த ஊர் வேறு. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலத்தில் ரோடு உறைந்து கிடக்கும். ஐஸை இளக்க உப்பைக் கொட்டுகிறார்கள். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் 1940களின் தொடக்கத்திலேயே இதை வழக்கமாக்கி விட்டது. கனடாவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு ரோட்டுக்குப் போகிறது. ஐஸ் இளகிய உப்புச் சேறு சக்கரத்திலிருந்து தெறித்து, காரின் அடியிலும் மடிப்புகளிலும் பிரேக் குழாய்களிலும் அப்பிக்கொள்ளும்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். தண்ணீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு பல மடங்கு வேகமெடுக்கும். போதாக்குறைக்கு உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். டொரன்டோவில் இருக்கும் நம் தமிழர்கள் குளிர்காலத்துக்கு முன்பு காருக்கு அடியில் துருத்தடுப்பு எண்ணெய் அடிப்பதும், நடுக்குளிரில்கூட அடிப்பாகத்தைக் கழுவுவதும் அங்கே அவசியம்.

செஞ்சியில்? மார்கழி விடியலில் கார் கண்ணாடியில் படிகிற பனியை வெயில் ஏறியதும் தேடினாலும் கிடைக்காது. அதுவும் பனிதான், டொரன்டோவில் முழங்கால் அளவு விழுவதும் பனிதான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பது விற்பனையாளருக்கு வசதி. செஞ்சி ரோட்டில் யாரும் உப்புக் கொட்டுவதில்லை. கடல் சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கடல் காற்றில் வரும் உப்பு கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள்ளேயே பெருமளவு குறைந்துவிடும்.

“மழை பெய்யுதே சார்?” பெய்யும். அதற்காகத்தான் தொழிற்சாலையில் கார் கூட்டையே பெயின்ட் தொட்டிக்குள் முக்கி, மின்சாரம் பாய்ச்சி, இண்டு இடுக்கெல்லாம் பூச்சு ஏற்றுகிறார்கள். மூட்டுகளையும் சக்கர வளைவுகளையும் சீலன்ட் போட்டு அடைக்கிறார்கள். அதற்கும் விலையில் காசு வாங்கியாகிவிட்டது.

அதன் மேல் கறுப்பாக ஒன்றை அடிப்பது சும்மா வீண் செலவோடு போனால்கூடப் பரவாயில்லை. சேற்றைச் சுத்தமாகக் கழுவிக் காயவிடாமல் அடித்தால், ஈரம் பூச்சுக்குள் சிறைபடும். தண்ணீர் வடியக் கம்பெனி விட்டிருக்கும் சின்னத் துளைகளும் அடைபடும். உள்ளே துரு வளரும். மேலே பூச்சு பளபளக்கும். துருவைத் தடுக்கக் கொடுத்த காசு துருவை மறைக்கத்தான் பயன்படும்.

கணக்கையும் பார்த்து விடலாம். 5,000 ரூபாய் பூச்சைக் கடனோடு சேர்த்து, 10 சதவீத வட்டியில் ஏழு வருஷம் கட்டினால், மாதம் 83 ரூபாய். மொத்தம் கிட்டத்தட்ட 7,000. செஞ்சியில் விழாத பனிக்கு ஏழு வருஷத் தவணை!

உப்பு நிஜமாகவே வண்டியைத் தின்கிற இடம் ரொம்ப தூரத்தில் இல்லை. இதே விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணம் இருக்கிறது. உப்பளத்தில் மூட்டை ஏற்றும் லாரி, ஐஸ் உருகி உப்புநீர் சொட்டச் சொட்ட மீன் ஏற்றும் குட்டி யானை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள் முழுக்க ஓடும் டாக்ஸி. இவர்களுக்கு டொரன்டோ குளிர்காலம் பன்னிரண்டு மாதமும் உண்டு. அந்தத் தகடு ஓட்டையானால் பாதிக்கப்படுவது ஒரு குடும்பத்தின் சாப்பாடு. தரமான பூச்சும், அதைவிட முக்கியமாகத் தினசரி நல்ல தண்ணீர்க் கழுவலும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். பழைய மினி லாரிக்காரரைத் தேடிப் போய் யாராவது இதைச் சொல்கிறார்களா? சொல்ல மாட்டார்கள். பயம் எங்கே இருக்கிறது என்று இவர்கள் பார்ப்பதில்லை. பணம் எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள்.

செஞ்சிக்காரர் செய்ய வேண்டியது செலவில்லாத வேலை. மழைக்காலம் முடிந்ததும் காரின் அடியிலும் சக்கர வளைவிலும் ஒட்டிய சேற்றைப் பீய்ச்சிக் கழுவுங்கள். கதவின் அடியில் இருக்கும் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தை உடனே தொட்டுப் பூசுங்கள். வீட்டு போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கழுவி அப்படியே வெயிலில் காயவிடாமல், கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். கடலோரம் போய் வந்தால் மறுநாளே கழுவுங்கள்.

ஷோரூம்காரர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. துருவுக்குக் கம்பெனி தரும் உத்தரவாதம் எத்தனை வருஷம்? எழுத்தில் காட்டுங்கள். இந்தப் பூச்சு இல்லாவிட்டால் அந்த உத்தரவாதம் போய்விடுமா? அதையும் எழுதிக் கொடுங்கள். கட்டாயமா, விருப்பமா என்பதை பில்லில் தமிழில் அச்சடியுங்கள்.

எழுதித் தரத் தயங்கினால், அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டுச் சாவியை மட்டும் வாங்கிக் கொண்டு வாருங்கள்.