ஏலத்திலேறிய கரடிப் பொம்மை

இலண்டன் மாநகரிலே, கிறிஸ்டீஸ் ஏலமண்டபத்தில், 1994ஆம் ஆண்டு மார்கழி மாதத்திற் கறுவாநிறக் கரடிப் பொம்மையொன்று 1,10,000 பவுணுக்கு விலைபோயிற்று. 1904ஆம் ஆண்டளவில் ஜேர்மனியிலே ஸ்ரைஃப் நிறுவனத்தார் செய்தது அது. அந்நிறுவனத்தைத் தோற்றுவித்த மார்கரெட் ஸ்ரைஃப் அம்மையார் இளம்பிள்ளைவாதத்தாற் கால்கள் வழங்காது போனவர்; வலக்கையும் நலிவுற்ற நிலையிலே தையற்றொழில் பயின்றவர்.

பழைய விளையாட்டுப் பொருள்களை ஏலங் கூறுவோரிடத்து ஒரு நியதியுண்டு. விளையாடப்படாத பொருளே விலைமிக்கதென்பது அது. டிங்கி மோட்டார் வண்டியொன்று வர்ணம் உரியாது, அடைத்து வந்த கடதாசிப் பெட்டியுங் குலையாதிருப்பின், பெட்டியற்ற வண்டியினும் மிகுந்த விலைபெறும். குழந்தையின் கைபட்டமை அதற்குக் குறையாம்! எதன்பொருட்டு ஆக்கப்பட்டதோ அதற்குப் பயன்படாமையே சிறப்பெனக் கொள்ளுதல் விந்தையான கணக்கன்றோ? மீட்டப்படாமை பற்றி வீணையொன்றை நல்வீணையென எவரும் போற்றக் கேட்டிலோம். இந்நியதியறிந்து, பிள்ளைக்கென வாங்கிய பொம்மையைப் பிள்ளைக்கே எட்டாதபடி உயரத்தில் வைத்துக் காக்கும் பெற்றோரும் உளர். அவர் செயலை யாம் சிக்கனமென்று கொள்ளமாட்டோம்.

கிறிஸ்டீஸ் ஏலத்திலேறிய கரடியோ பெட்டியிற் கிடந்ததன்று. ஆங்கிலேயப் படையதிகாரி ஒருவர் குழந்தைப்பருவம் முதலாக வாழ்நாள் முழுவதும் அதனைத் தம்முடன் வைத்திருந்தார். 'டெடி கேர்ள்' என்னும் பெயரும், அவருடன் அது வாழ்ந்த வரலாறுமே ஏலத்தில் அதற்குத் துணைநின்றன. அவர் மறைந்தபின்னரே அஃது ஏலத்திற்கு வந்தது. வாங்கியவர் யப்பானியர். 1995ஆம் ஆண்டில் இசு தீபகற்பத்திலே திறக்கப்பட்ட கரடிப் பொம்மைக் காட்சிச்சாலைக்கென அதனைக் கொண்டு சென்றார்.