மறுபடியும் அதே வேலியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பண்ணைக்காட்டில் பள்ளிப் பிள்ளைகளும் காப்பித் தோட்டத்து வேலையாட்களும் நடக்கிற பாதையோரம், பள்ளத்துப் பக்கமாகப் போட்ட வலைக்கம்பி வேலி கிழிந்து தொங்குகிறது. இரும்பு ஆங்கிள்கள் பல காணோம். பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அதே வேலியை மறுபடி போடப் போவதாக ஊரில் பேச்சு. தகரம் அடிக்கலாம் என்கிறார்கள் சிலர். முள்கம்பியே போதும் என்கிறார்கள் வேறு சிலர். மூன்றும் வேண்டாம்.

வலைக்கம்பி என்பது சுருள் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்தது. ஒரு கம்பியை வெட்டித் திருகி உருவினால் சடை அவிழ்வது போல மேலிருந்து கீழ்வரை பிரிந்துவிடும். அதற்கு ஒரு கட்டிங் பிளேயர் போதும். கம்பிகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் வெல்டிங் செய்த வலை அப்படிப் பிரியாது. கண்ணி விரல் நுழையாத அளவுக்குச் சிறிதாக இருந்தால் ஏறுவதற்குக் கால்பிடியும் கிடைக்காது, பிளேயரின் மூக்கும் உள்ளே போகாது. வலையை ஆங்கிளோடு பிணைக்க, இறுக்கியதும் தலை முறிந்துவிடுகிற நட்டுகள் இருக்கின்றன. ஸ்பேனர் வைத்துக் கழற்ற முடியாது. விலை கூடத்தான். ஆனால், களவு போகிற வேலியைத் திரும்பத் திரும்பப் போடுவதும் மக்கள் பணத்தில்தானே?

தகரத்தை நினைத்தால்தான் எனக்குப் பயம். இங்கே காட்டுமாடு எந்த வளைவிலும் நிற்கும். தகரம் மறைத்தால் அந்தப் பக்கம் நிற்பது தெரியவே தெரியாது. மேட்டுப் பக்கம் தோட்ட வேலி, பள்ளத்துப் பக்கம் இந்த வேலி என்றால், நடுவில் மாடு எதிரே வரும்போது விறகுக்கட்டோடு வருகிற பெண் எங்கே ஒதுங்குவாள்? அவள் கண் உயரத்தில் முள்கம்பி வேறு வேண்டுமா?

வேலியை வெட்டியவர்கள் பாட்டில் உடைக்கிற கூட்டம் மட்டும் அல்ல. தோட்டத்துக்கு இறங்கும் பழைய குறுக்குப் பாதையை வேலி அடைத்த இடத்தில்தான் முதல் ஓட்டை விழுந்தது. காப்பிப் பறிப்புக் காலத்தில், இருட்டும் முன் வீடு திரும்ப வேண்டியவர்களைச் சுற்றிப் போகச் சொன்னால் எத்தனை நாள் போவார்கள்? ஆள் மட்டும் வளைந்து நுழைகிற திறப்புகளை அங்கங்கே விட்டிருந்தால் பாதி வேலி இன்றும் நின்றிருக்கும்.

மின்வேலி யோசனையும் காதில் விழுகிறது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. மின்வேலிகளைப் பதிவுசெய்து முறைப்படுத்தும் விதிகளையும் தமிழக அரசு அந்த ஆண்டே கொண்டுவந்தது. பிள்ளைகள் நடக்கிற பாதையோரம் அந்தப் பேச்சே கூடாது.

மதிப்பீடு போடும் முன், பொறியாளரும் வனத்துறையினரும் பறிப்புக்குப் போகும் பெண்களோடு ஒரு சாயங்காலம் இந்தப் பாதையில் நடக்கட்டும். திறப்பு எங்கெங்கே, கண்ணி என்ன அளவு, கம்பி என்ன தடிமன் என்பதை எழுதி, டெண்டருக்கு முன்பே ஊர் அறிய ஒட்டட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பண்ணைக்காடு, கொடைக்கானல் வட்டம்