பன்றிக் கொட்டிலும் அத்தையின் அடுக்களையும்

சென்ற பௌர்ணமிக்கு அண்ணாமலையாரை வலம் வரப் போயிருந்தேன். 14 கிலோமீட்டர் என்று சொல்ல வாய் வலிக்காது; நடந்து பார்த்தால்தான் தெரியும். அடி அண்ணாமலையில் அத்தை வீட்டுத் திண்ணை கண்ணில் பட்டதோ இல்லையோ, என் கால்கள் என் சம்மதத்தைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டன.

அத்தை பாதியாக இளைத்திருந்தாள். சிறுநீர்த் தாரையில் கிருமி சேர்ந்து, ஜுரம் கண்டு, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து மீண்டவள். முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை, அடுத்ததும் கேட்கவில்லை. கடைசியில் நரம்பில் மருந்து ஏற்றித்தான் ஜுரம் இறங்கியதாம்.

"ஏண்டி, பத்திரிகையில் என்னென்னவோ எழுதுகிறாயே, இதற்குப் பதில் சொல். நான் கஷாயம் குடித்து வளர்ந்தவள். மாத்திரையைத் தொட்டவளில்லை. என் உடம்புக் கிருமிக்கு இத்தனை மருந்தையும் எதிர்த்து நிற்க யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாள்.

நான் விழித்துக் கொண்டிருக்கையில் வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. தெருக்கோடிப் பையன் கழுநீர் வாங்க வந்திருந்தான். ஊருக்கு வெளியே இருபது பன்றி வளர்க்கிறான். வண்டியில் தொங்கிய பையிலிருந்து ஒரு தூள் பொட்டலம் எட்டிப் பார்த்தது.

"அது என்ன தம்பி?"

"தீவனத்தில் கலக்கிற மருந்தும்மா. குட்டிகளைப் பால் மறக்கடித்தால் கழிச்சல் கண்டுவிடும். ஒரு ஈற்றுக்குப் பத்துக் குட்டி. நாலு போனால் லாபமே போச்சு. அதனால் எல்லாக் குட்டிக்கும் முன்கூட்டியே கலந்து வைத்துவிடுகிறேன். சதையும் நன்றாகப் பிடிக்கும் என்று கடைக்காரர் சொன்னார்."

பொட்டலத்தை வாங்கிப் படித்தேன். ஆன்டிபயாடிக்! அத்தையின் கேள்விக்குப் பாதிப் பதில் அதற்குள் இருந்தது.

இந்தக் கதை 1948ல் ஆரம்பமாகிறது. அமெரிக்காவில் லெடர்லி என்ற மருந்துக் கம்பெனி ஆரியோமைசினை வெளியிட்ட ஆண்டு அது. அந்த ஆராய்ச்சிக் கூடத்துக்குத் தலைமை வகித்தவர் வேறு யாருமல்ல, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த சுப்பாராவ்தான். மருந்து எடுத்தபின் மிஞ்சிய சக்கையை அங்கிருந்த விஞ்ஞானிகள் இருவர் கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். குஞ்சுகள் மளமளவென்று வளர்ந்தன. 1950ல் செய்தி உலகெங்கும் பரவியது. பன்றிக்கும் போட்டார்கள். நோயில்லாத பிராணிக்கும் மருந்தே தீனியாயிற்று.

இதில் கெடுதல் என்ன என்கிறீர்களா? சிறிது சிறிதாக மருந்து போட்டால் சாதுக் கிருமி சாகும். முரட்டுக் கிருமி பிழைக்கும். பிழைத்தது பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே, குறைந்த அளவு மருந்து கிருமிகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிடும் என்று எச்சரித்தார். கேட்டவர் யார்?

கொலிஸ்டின் என்று ஒரு பழைய மருந்து. சிறுநீரகத்துக்கு ஆகாது என்று மனிதருக்குக் கொடுக்காமல் வெகுகாலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். மற்ற மருந்துகள் தோற்கத் தொடங்கியதும் அதுவே டாக்டர்களின் கடைசி ஆயுதமாயிற்று. பன்றிக் கொட்டில்களிலோ அது மூட்டை மூட்டையாகப் போய்க்கொண்டிருந்தது. 2015ல் சீன விஞ்ஞானிகள் திடுக்கிடும் செய்தியொன்றை வெளியிட்டார்கள். பன்றிகளிலும், கடை இறைச்சியிலும், நோயாளிகளிடத்திலும் கொலிஸ்டினை எதிர்க்கும் கிருமிகள் இருந்தன. எதிர்க்கும் அந்த வித்தையை ஒரு கிருமி மற்றொரு ஜாதிக் கிருமிக்கும் கொடுத்துவிடுகிறதாம், அடுத்த வீட்டு மாமியிடம் நாம் ஊறுகாய்ப் பக்குவம் எழுதி வாங்குவதுபோல! நம் மத்திய அரசு 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. பையனின் பொட்டலத்தில் இருந்தது கொலிஸ்டின் அல்ல. ஆனால் அதுவும் ஒரு ஆன்டிபயாடிக்தானே?

"நான் பன்றிக் கறி தின்றேனா?" என்றாள் அத்தை.

"தின்ன வேண்டாம், அத்தை. கொட்டில் எரு வயலுக்குப் போகிறது; வயலிலிருந்து கீரை வருகிறது. கழிவுநீர் ஓடையில் கலக்கிறது. வளர்ப்பவர் கையோடும் கிருமி வீட்டுக்கு வரும். கறி சமைப்பவர்கள் நன்றாக வேகவைத்தால் கிருமி செத்துவிடும். ஆனால் பச்சைக் கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலும் அப்படியே தக்காளி நறுக்கினால் தப்பித்துக்கொள்ளும்."

பையன் முகம் வாடிவிட்டது. "அப்போ என் குட்டிகள் சாகட்டுமா அம்மா?" என்றான். நியாயமான கேள்வி. அவனை வில்லனாக்கி நாம் நல்லவர்களாகிவிட முடியுமா?

"சாக வேண்டாம் தம்பி. அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காதே. தரையை உலர்த்தி வை. குட்டிகளுக்குக் கதகதப்புக் கொடு. இந்தக் கழுநீரையும் ஓட்டல் மிச்சத்தையும் கொதிக்க வைத்து ஊற்று. நோய் வந்தால் கால்நடை டாக்டரைக் கேட்டு, நோய்கண்ட குட்டிக்கு மட்டும், அவர் சொன்ன அளவு, சொன்ன நாள் கொடு. மருந்து கொடுத்தபின் அவர் சொல்லும் நாட்கள் கழியாமல் கறிக்கு அனுப்பாதே" என்றேன். தலையாட்டினான். பொட்டலத்தைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னான்.

அத்தை மெல்ல எழுந்து உள்ளே போய், ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். திறந்தால், பாதி தின்ற மாத்திரை அட்டைகள்! பலவற்றின் முதுகில் டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடக் கூடாது என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடு.

"இதெல்லாம் யார் சாப்பிட்டது?"

"மாமாவுக்கு எழுதிக் கொடுத்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. மிச்சத்தைப் பேரனுக்கு ஜலதோஷம் வந்தால் பாதி, மருமகளுக்கு இருமல் வந்தால் ஒன்று என்று..." அத்தையின் குரல் தேய்ந்தது. ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்காது என்று நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சட்டென்று டப்பாவைக் கழுநீர்ப் பானையில் கவிழ்க்கப் போனாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அத்தை! அது பன்றிக்குத்தானே போகும்?"

அத்தை என்னைப் பார்த்தாள், பையனைப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, "நாளைக்கு மருந்துக் கடைக்காரரையே கேட்கிறேன், இதை என்ன செய்வதென்று" என்றாள்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு டப்பா இருக்கிறதா? பார்த்துவிட்டு வாருங்களேன்.