சேனல்ல பேசுனதை எதுக்கு ஒளிக்கணும்?



சம்பளமில்லாம ஊர் கூடி மென்பொருளோ கலைக்களஞ்சியமோ உருவாக்குற இடத்துல எல்லாம் ஒரு பழைய சண்டை உண்டு. அரட்டை சேனல்ல பேசுறதைப் பதிவு பண்ணி பொதுவில் வைக்கலாமா, கூடாதா? 2004-ல் முதல் வெளியீடு கண்ட உபுண்டு, தன் ஐஆர்சி சேனல் பதிவுகளை தேதிவாரியா எல்லாரும் படிக்கிற மாதிரி போட்டது. விக்கிப்பீடியா பக்கம் பல சேனல்கள்ல அப்படியே உல்டா, பொதுப்பதிவு கூடாதுன்னே விதி.

என் கட்சியைச் சொல்லிடறேன். வேலை நடக்குற சேனல்னா பதிவு வெளியில இருந்தே ஆகணும்.

கூடாதுன்னு விதி போட்டா பதிவே இல்லாம போயிடுமா? ஐஆர்சி 1988-ல் பிறந்த சமாச்சாரம். நீங்க இணைப்புல இல்லாத நேரத்துல பேசுனது உங்களுக்கு வந்து சேராது. ஆனா ராப்பகலா இணைப்புலயே கிடக்குற பழைய ஆளுங்க கணினியில வரிக்கு வரி சேமிப்பாகிட்டே இருக்கும். அப்போ தடையால நடக்குறது ஒண்ணுதான்: பதிவு அவங்க கையில மட்டும் இருக்கும். நாளைக்கு ஒரு வாக்குவாதம்னா வசதியான நாலு வரியை வெட்டி ஒட்டுவாங்க. அதுக்கு முன்ன பின்ன என்ன பேசுனாங்கன்னு புதுசா வந்தவன் எப்படிங்க சரிபார்ப்பான்?

நேர வித்தியாசம் இன்னொரு கொடுமை. யூடிசி 18:00 மணிக்குக் கூட்டம்னா ஐரோப்பாக்காரருக்கு சாயங்காலம், நமக்கு ராத்திரி பதினொன்றரை. பகல் முழுக்க ஆபீஸ்ல ஆணி புடுங்கிட்டு அதுக்கு மேல முழிச்சிருக்க எத்தனை பேரால முடியும்? காலைல வந்து பார்த்தா "நேத்தே சேனல்ல பேசி முடிச்சாச்சு"ன்னு ஒரு வரி பதில். யார் பேசுனா, எதுக்கு அந்த முடிவு, ஒண்ணும் தெரியாது. ஓசியில உழைக்கிறவனுக்கு காசா கேட்கறோம்? முடிவுல நமக்கும் ஒரு பங்கு, அவ்ளோதான் கேட்கறோம்.

"பதிவு பண்ணா மனசு விட்டுப் பேச முடியாது"ன்னு எதிர்க்கட்சி சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. ஐபி முகவரி தெரியும், விளையாட்டா சொன்னது பத்து வருஷம் கழிச்சு கூகுள்ல வந்து நிக்கும். ஒத்துக்கறேன். அதுக்கு வழியில்லையா என்ன? வெட்டி அரட்டைக்கு பதிவில்லாத தனி சேனல் வைங்க. உள்ளே வந்தவர், வெளியே போனவர் வரிகளைத் தூக்கிட்டா ஐபி பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துது. பதிவு நடக்குதுன்னு சேனல் தலைப்புலயே எழுதுங்க. 2021-ல் தொடங்கின லிபரா சாட்டும் வழிகாட்டுதல்ல அதைத்தான் சொல்லுது. டெபியன் கூட்டங்கள்ல ஓடுற மீட்பாட் மாதிரி, கூட்டம் ஆரம்பிச்சதுல இருந்து முடியிற வரைக்கும் மட்டும் பதிவு பண்ணாலும் போதும்.

இவ்வளவு வழி இருந்தும் கூடாதுன்னு ஒருத்தர் அடம்பிடிச்சா, அவர் காப்பாத்தப் பார்க்குறது நம்ம அந்தரங்கத்தையா, இல்ல தன் நாட்டாமையையான்னு கேட்டுத்தான் ஆகணும். ஒருத்தர் அனுப்பின நிரலை நிராகரிக்கறதும், ஒருத்தரைத் தடை செய்யறதும் சேனல்ல முடிவாகுதுன்னா, அங்க என்ன பேசுனாங்கன்னு படிக்கிற உரிமை முதல்ல அவருக்குத்தான் இருக்கு.