கன்றின் நான்காம் வயிறு

பசுவுக்கு நான்கு வயிறுகள் என்பதைப் பள்ளிச் சிறுவர்களும் ஒப்பிப்பார்கள். ஆனால், பிறந்து பத்து நாளான கன்றுக்கு உண்மையில் வேலை செய்வது ஒரே வயிறுதான். அதுவும் வரிசையில் கடைசியாக உள்ளது. இந்த ஒரு விஷயத்தை மாடு வளர்க்கும் இல்லத்தார் அறிந்திருப்பார்களேயானால், நம் கொட்டில்களில் அநியாயமாக மடியும் கன்றுகளில் சிலவேனும் பிழைத்துவிடும்.

வளர்ந்த பசுவின் முதல் வயிறு ஒரு குதிர் போன்றது. வைக்கோலும் புல்லும் அதில் ஊறி நொதிக்கின்றன. கன்றினிடத்தில் அது சுருங்கிக் கிடக்கும். கன்று கழுத்தை நீட்டி மடியில் வாய் வைத்ததும், உணவுக் குழாயின் அடியிலுள்ள ஒரு பள்ளத்தின் இரு கரைகளும் உதடுகளைப் போல மூடிக்கொள்கின்றன. பால் மற்ற மூன்று வயிறுகளில் தங்காமல் நேரே நான்காவதில் போய் விழுகிறது. அங்கே ரென்னெட் என்னும் ரஸம் அதைச் சில நிமிஷங்களில் உறையச் செய்கிறது. தெளிந்த நீர் குடலுக்குப் போய்விடும். கட்டியானது மணிக்கணக்கில் மெல்லக் கரைந்து ஜீரணமாகும். ஐரோப்பியர் பாலாடைக்கட்டி செய்வதற்கு நெடுங்காலம் கன்றின் இவ்வயிற்றையே நாடினர். நுண்ணுயிர்களைக் கொண்டு செய்த ரஸத்தை 1990-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கம் அனுமதித்த பின்னரே அத்தேவை பெரிதும் குறைந்தது. நமது பன்னீரோ எலுமிச்சைச் சாற்றோடு திருப்தியடைந்து விட்டது!

இனி நம் வீட்டு வழக்கத்தைப் பார்ப்போம். கறவை வேளையில் கன்றை ஊட்ட விடுகிறோம். பால் சுரந்ததும் இழுத்துக் கட்டிவிடுகிறோம். பால் விலைக்குப் போகும் வீடுகளில் கன்றுக்கு மிஞ்சுவது பெரும்பாலும் காம்பின் ஈரமே. வாடிக்கைக்காரர் வெளியூர் சென்ற நாளில் படிப்படியாகப் பால் மிஞ்சிவிட்டால் மட்டும் நமது இரக்கம் பெருக்கெடுக்கும். குண்டான் நிறைய ஊற்றிக் கன்றின் முன் வைப்போம். பட்டினி கிடந்த ஜீவன் மூச்சு விடாமல் குடித்துத் தீர்க்கும்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரே தடவையில் வந்து நிறைந்த பால் வயிற்றை விட்டு நகராமல் தேங்குகிறது. மண்ணிலும் சாணத்திலும் வாழும் சில கிருமிகள், கழுவாத பாத்திரத்தின் மூலம் உள்ளே சென்றிருந்தால், அவை பாலின் சர்க்கரையைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்கும். குடித்து ஒரு மணி நேரத்திற்குள்ளேயே வயிறு பறை போல் உப்பிவிடக் கூடும். கன்று பல்லை நறநறவென்று கடிக்கும், வயிற்றை உதைத்துக்கொள்ளும், மறுவேளைப் பாலை முகர்ந்தும் பாராது. சில மணி நேரத்திலோ, ஓரிரு நாளிலோ உயிர் போய்விடலாம். பால்மாவைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தாலும் இவ்விபத்து நேரும். கெட்டிப் பால் வயிற்றிலிருந்து இறங்கத் தாமதமாகிறது.

பெரிய மாட்டின் உப்புசத்திற்குச் செய்யும் கைவைத்தியத்தைக் கன்றிடம் காட்டலாகாது. பெரிய மாட்டுக்கு வாயு சேர்வது இடப்பக்கத்து முதல் வயிற்றில். கன்றுக்கோ வேறோர் இடத்தில். வாயைப் பிளந்து எண்ணெய் ஊற்றினால் அது நுரையீரலில் புகுந்து கன்றைக் கொன்றாலும் கொல்லும். கால்நடை வைத்தியரை உடனே அழைப்பதே வழி. கன்றை மல்லாத்தி ஊசியால் வாயுவை வெளியேற்ற அவருக்குத் தெரியும்.

வருமுன் காப்பது கடினமன்று. பிறந்த ஓரிரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். பிறகு நாளொன்றுக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கேனும் பால் வேண்டும். 25 கிலோ கன்றுக்கு 2½ லிட்டர். அதையும் மூன்று வேளையாகப் பகிர்ந்து, தினமும் அதே நேரத்தில், பசுவின் உடற்சூடு மாறாமல் ஊட்டுவது நலம். மடியில் குடிக்கும் கன்று மெல்ல மெல்லக் குடிக்கும்; குண்டானில் அவசரந்தான். ஆகவே காம்பு வைத்த புட்டி உத்தமம். பாத்திரத்தை ஒவ்வொரு வேளையும் வெந்நீரில் கழுவ வேண்டும். குடிக்க நல்ல தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

"இத்தனை பாலைக் கன்றுக்கே கொடுத்துவிட்டால் விற்பதற்கு ஏது?" என்று கேட்கும் இல்லத்தரசிகள் உண்டு. நியாயமான கேள்வியே. ஆனால் கன்று இறந்தால் நாட்டுப் பசு பால் சுரக்க மறுக்கும். அப்போது கன்றின் தோலில் வைக்கோல் அடைத்துப் பொம்மை செய்து தாயின் முன்னே நிறுத்தியதை நம் கிராமங்களில் பார்த்தவர் பலர். அதை நக்கி ஏமாறும் பசுவின் கண்ணைக் கண்டவர்கள் இரண்டு லிட்டர் பாலுக்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். பசு ஏமாற மறுத்தால் ஊசி போடுகிறார்கள்; அது இன்னும் கேவலம்.

இன்னொன்று: இரண்டு மூன்று வாரமான கன்றுகளுக்கு இதே வயிற்றில் புண்ணும் வருவதுண்டு. பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. சாணி கறுத்துத் தார் போலக் கழிந்தால் உள்ளே ரத்தம் கசிகிறதென்று கொள்ளலாம். இறந்த கன்றின் வயிற்றில் மயிர் உருண்டை கிடந்தால், அதுதான் கொன்றது என்பார்கள். நல்ல திடமான கன்றுகளின் வயிற்றிலும் அவ்வுருண்டைகள் காணப்படுகின்றன. ஆகையால் பழியை முழுதும் அதன்மேல் போட முடியாது. பசியால் மண்ணையும் மணலையும் நக்கும் கன்றுக்கு வாய்க்கூடை கட்டுவது வழக்கம். கட்டுங்கள், ஆனால் பால் குடித்த சிறிது நேரத்திற்கு மட்டும். மற்ற நேரத்தில் அதன் முன்னே ஒரு பிடி இளம்புல் இருக்கட்டும்.