நாய் சோற்றை ஒதுக்குகிறதா? வீம்பா, நோயா என்று முதலில் பாருங்கள்!

கேள்வி: ''எங்களிடம் 40 வெள்ளாடுகள் இருக்கின்றன. கிடைக் காவலுக்கு 5 வயது சிப்பிப்பாறை ஆண் நாய் வைத்திருக்கிறோம். கம்பங்கூழ், சோளச்சோறு, மோர்ச்சோறு என்று எதை ஊற்றினாலும் சட்டியை நக்கி வைத்துவிடும். கோடை விடுமுறைக்கு வந்த நாத்தனார் பிள்ளைகள் ஒரு மாதம் பிஸ்கட்டும் கோழிக்கறியுமாகப் போட்டுப் பழக்கிவிட்டார்கள். அவர்கள் ஊருக்குப் போன பிறகு, கூழை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறது. பிஸ்கட் பாக்கெட் சத்தம் கேட்டால் மட்டும் ஓடி வருகிறது. 'நாலு நாள் பட்டினி போட்டால் தானாக வழிக்கு வரும்' என்கிறார் மாமனார். 'பிஸ்கட்டும் கொடுக்காவிட்டால் செத்துப்போகும்' என்று மகள் அழுகிறாள். யார் சொல்வதைக் கேட்பது?''

- வாசகி, சங்கரன்கோவில்.

பதில்: ''உங்கள் மாமனார் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. மகள் பயப்படுவதிலும் அர்த்தம் இருக்கிறது. இரண்டில் எது உங்கள் நாய்க்குப் பொருந்தும் என்பதை, நாயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பயிரில் இலை மஞ்சளாகத் தெரிந்தவுடன் யூரியாவைத் தூக்கிப் போடக் கூடாது. வேரைப் பறித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வோம் அல்லவா? அதே கதைதான். நாய் 'வேண்டாம்' என்கிறதா, 'முடியவில்லை' என்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. நாய்க்கு மிகவும் பிடித்த ஒன்றை, உதாரணமாக அவித்த முட்டையில் ஒரு துண்டை நீட்டுங்கள். ஆசையாக வாங்கித் தின்று, தண்ணீர் குடித்து, வழக்கம்போல ஓடி ஆடி, சாணமும் கெட்டியாகப் போட்டால் அது பெரும்பாலும் நாக்கு ருசி கண்ட வீம்புதான். பிடித்ததையும் ஒதுக்கினால் அது வீம்பு அல்ல, நோய். உங்கள் நாய் பிஸ்கட்டுக்கு ஓடி வருகிறது, இரவில் கிடையைச் சுற்றுகிறது என்றால் முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும், பட்டினி போடும் முன் கீழே உள்ளவற்றை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

நோயாக இருந்தால் எப்படித் தெரியும்?

ஈறைப் பாருங்கள். ஆரோக்கியமான நாயின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். வெளுத்தோ, மஞ்சளாகவோ இருந்தால் ஆபத்து. காது மடலின் உள்பக்கம், கழுத்து, விரல் இடுக்கு ஆகிய இடங்களில் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டுக்கிடையில் படுக்கும் நாய்க்கு உண்ணி வராமல் இருக்காது. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் முதலில் சாப்பாட்டைத்தான் குறைக்கும். பிறகு சோர்வு, வெளுத்த ஈறு, சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் என்று போகும். சீக்கிரம் கொண்டுபோனால் மருந்தில் குணமாகக்கூடிய நோய் இது. 'தீனி பிடிக்கவில்லை போல' என்று நாள் கடத்தினால்தான் உயிருக்கு ஆபத்து.

இங்கே ஒரு எச்சரிக்கை. உண்ணியைக் கொல்ல, பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டும் பழக்கம் பல தோட்டங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். நாய் உடம்பை நக்கும்போது மருந்து வயிற்றுக்குள் போகும். நாய்க்கென்று உள்ள உண்ணி மருந்தை, அதன் எடையைச் சொல்லி கால்நடை மருத்துவரிடம் வாங்குங்கள். அதேபோல, நாம் போடும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரைகளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் புண், சிறுநீரகக் கோளாறு, ஈரல் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

எலிமருந்து வைத்திருக்கிறீர்களா என்று வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். ஜிங்க் பாஸ்பைடு தின்றால் சில மணி நேரத்திலேயே வாந்தி, மூச்சுத் திணறல் வந்துவிடும். புரோமோடயலோன் கட்டி அப்படி இல்லை. தின்று சில நாள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். நாய் மந்தமாகும், தீனி எடுக்காது, உடம்புக்குள் ரத்தம் கசியும். எலிமருந்து என்று சந்தேகம் வந்தால், அந்த உறையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் சரியான சிகிச்சை கொடுக்க முடியும்.

அடுத்தது, எல்லாவற்றையும் விட முக்கியமானது. சாப்பிட வருகிறது, ஆனால் விழுங்க முடியவில்லை, வாயிலிருந்து எச்சில் ஒழுகுகிறது, கீழ்த்தாடை தொங்குகிறது, குரைக்கும் குரல் மாறியிருக்கிறது, இருட்டு மூலையில் போய்ப் படுக்கிறது அல்லது காரணம் இல்லாமல் கடிக்க வருகிறது. இதைப் பார்த்தால் 'தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது' என்றுதான் தோன்றும். கையை விட்டு எடுக்கப் போகாதீர்கள். வெறிநோயும் இப்படித்தான் இருக்கும். அந்த நோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது. கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும். பிள்ளைகளை அண்டவிடாமல், முடிந்தால் நாயை ஓர் அறையில் அடைத்துவிட்டு கால்நடை மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். எச்சில் பட்டவர்கள், கடிபட்டவர்கள் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மனிதர்களுக்கு நோயின் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறீர்களா? தவறியிருந்தால், முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

ஆண் நாய் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஏதாவது பெட்டை பருவத்துக்கு வந்திருந்தாலும் சில நாட்கள் தீனியை மறந்து திரியும். கடும் வெயில் காலத்திலும் சாப்பாடு குறையும். இவை தானாகச் சரியாகிவிடும்.

கூழையும் ஒருமுறை மோந்து பாருங்கள்!

நாயைக் குறை சொல்லும் முன், சட்டியில் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ஈரம் ஏறி, பூஞ்சாணம் பிடித்த கம்பு, சோளம் இருந்தால் அதை நாய்க்கு ஒதுக்கிவிடுவது பலருக்கும் வழக்கம். பூஞ்சாண நஞ்சு நாயின் ஈரலை நேரடியாகப் பாதிக்கும். மாட்டைவிட நாய் இதற்குச் சீக்கிரம் பலியாகும். மக்கிய வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். அப்படிப்பட்ட கூழை ஒதுக்கினால், நாய் செய்வதுதான் சரி.

தண்ணீராகக் கரைத்த கூழில் வயிறு நிறையுமே தவிர, சத்து குறைவு. களி பதத்தில் கெட்டியாகக் கிண்டி, ஆறவைத்துக் கொடுங்கள். நாய் தானியத்தைச் செரிக்கும். ஆனால், தானியத்தை மட்டுமே வைத்து அதை வளர்க்க முடியாது. தினமும் ஒரு அவித்த முட்டை, அல்லது வேகவைத்த கோழி ஈரல், முள் நீக்கிய மீன் என்று ஏதாவது ஒன்றைப் பிசைந்து கொடுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு, பிரியாணி, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த கோழி எலும்பு கூராகச் சிதறி குடலைக் குத்தும்.

ஆடு வளர்ப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இறந்த ஆட்டின் ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடாதீர்கள். அதில் இருக்கும் நீர்க்கட்டி வழியாக நாய்க்கு நாடாப்புழு வரும். நாயின் சாணம் வழியாக அது மறுபடியும் ஆடுகளுக்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும். மருத்துவர் சொல்லும் அளவில் 3 மாதங்களுக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுத்துவிடுங்கள். வயிற்றில் புழு இருந்தாலும் தீனி எடுப்பது ஏறுமாறாகத்தான் இருக்கும்.

பழக்கத்தை மாற்றுவது எப்படி?

மேலே சொன்ன எதுவும் இல்லை என்றால், உங்கள் நாய் பசியோடு இல்லை என்பதுதான் உண்மை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,000 கிலோ கலோரி போதும். 100 கிராம் குளுக்கோஸ் பிஸ்கட்டில் ஏறக்குறைய 450 கிலோ கலோரி இருக்கிறது. மகள் இரண்டு, நீங்கள் இரண்டு, வழியில் போகிறவர் ஒன்று என்று மாலைக்குள் ஒரு பாக்கெட் தீர்ந்தால், பாதி நாள் சாப்பாடு உள்ளே போய்விட்டது. பிறகு கூழ் எப்படி இறங்கும்? 'சோற்றை ஒதுக்கினால் பிஸ்கட் வரும்' என்பதையும் அது கற்றுக்கொண்டுவிட்டது.

எனவே, இன்றிலிருந்து பிஸ்கட்டை நிறுத்துங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரும் ஒரே சொல்லில் நிற்க வேண்டும். ஒருவர் மறைவாகக் கொடுத்தாலும் எல்லாம் வீண். காலை 7 மணி, இரவு 8 மணி என்று நேரம் வைத்து, ஒரே இடத்தில், கழுவிய சட்டியில் சாப்பாட்டை வையுங்கள். கெஞ்சவோ, அதட்டவோ, கையால் ஊட்டவோ வேண்டாம். 20 நிமிடம் கழித்து, தின்றாலும் தின்னாவிட்டாலும் சட்டியை எடுத்துவிடுங்கள். அடுத்த வேளை வரை எதுவும் கிடையாது. தண்ணீர் மட்டும் எந்நேரமும் இருக்க வேண்டும்.

முதல் 3 நாட்கள் களியில் முட்டையோ, ஈரலோ கொஞ்சம் கூடுதலாகச் சேர்த்து, நன்றாகப் பிசைந்துவிடுங்கள். பொறுக்கித் தின்ன வழி இருக்கக் கூடாது. வெதுவெதுப்பாகக் கொடுத்தால் வாசனைக்கு நாய் வரும். பிறகு 10 நாட்களுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் நாய், இரண்டொரு வேளை முறைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட வந்துவிடும்.

சிப்பிப்பாறை இயல்பிலேயே ஒல்லியான நாய். விலா எலும்பு ஒன்றிரண்டு தெரிவதைப் பார்த்து 'இளைத்துவிட்டது' என்று பதற வேண்டாம். ஆனால், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு வந்தால் அது இளைப்புதான். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வையுங்கள். நீங்கள் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்தால் எடை வந்துவிடும்.

மாமனார் சொல்லும் நாலு நாள் கணக்கு மட்டும் கூடாது. முழுதாக 2 நாட்கள் எதையுமே தொடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தண்ணீரும் குடிக்கவில்லை, வாந்தி, கழிச்சல், காய்ச்சல் இருக்கிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும். குட்டியாக இருந்தால் அரை நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோகலாம். நாயைத் தூக்கிச்செல்ல முடியாத நிலை என்றால், 1962 என்ற எண்ணில் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் சேவை கிடைக்குமா என்று கேளுங்கள்.

சட்டியை வைப்பதையும் 20 நிமிடத்தில் எடுப்பதையும் மகளிடமே ஒப்படைத்துவிடுங்கள். ஈறு, காது பார்க்கவும், எடையைக் குறித்து வைக்கவும் பழக்குங்கள். நாய்க்குப் பிஸ்கட் கொடுப்பது மட்டுமே பாசம் அல்ல என்பது அவளுக்கும் புரியும்.''

கேள்வி: ''எங்கள் நாய் வீட்டுச் சோறு தின்பதில்லை. கடையில் விற்கும் பாக்கெட் தீவனம் வாங்கிப் போடலாமா?''

- வாசகர், ஒட்டன்சத்திரம்.

பதில்: ''வசதி இருந்தால் போடலாம், தவறு இல்லை. 'முழுமையான உணவு' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, நாயின் வயதுக்கு ஏற்றதாக வாங்குங்கள். எடைக்கு எவ்வளவு என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கும். அந்த அளவுக்கு மேல் வேண்டாம். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் எடுக்கும். முதலில் கால் பங்கு, பிறகு அரை, முக்கால் என்று 7 முதல் 10 நாட்களில் மாற்றுங்கள். பாக்கெட்டைப் பிரித்த பிறகு காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் இதிலும் பூஞ்சாணம் பிடிக்கும்.

ஆனால், சோற்றை ஒதுக்கியதற்காகவே பாக்கெட்டுக்கு மாறினால், அடுத்த மாதம் அதையும் ஒதுக்கிவிட்டு வேறு கேட்கும். மேலே சங்கரன்கோவில் வாசகிக்குச் சொன்ன சோதனைகளை முடித்துவிட்டு, நேரம் வைத்துச் சாப்பாடு கொடுக்கும் முறையை இரண்டு வாரம் செய்து பாருங்கள். பாக்கெட் தேவையா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.''